திருச்சியில் 1,786 ரூபாய், செம்பவாங்கில் 266 வெள்ளி: கணக்கு எங்கே பிசகுகிறது?

சிங்கப்பூரின் செம்பவாங்கிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தரக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார் என்று ஐந்து பேர் உள்ள நாலறை வீடு. புது வீடு, சாவி வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. ஆகஸ்ட் மாத பில் 266 சிங்கப்பூர் வெள்ளி. அதே வாரம் திருச்சியில் இருக்கும் நாத்தனார் குடும்பக் குழுவில் தன் ஈபி ரசீதைப் போட்டிருக்கிறார்: 1,786 ரூபாய். கணவர் அதை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து, "அக்காவுக்கு 27 வெள்ளி, நமக்கு 266. பத்து மடங்கு!" என்று ஆரம்பித்திருக்கிறார். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இங்கே நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், ஊரில் காற்றாலை இருக்கிறது, அதனால்தான் ஊரில் மலிவு என்கிறார். ஜூலையில் பில் குறைவாக வந்ததாம்; ஆகஸ்டில் சொல்லாமல் கொள்ளாமல் விலையை ஏற்றிவிட்டார்கள் என்கிறார். தீர்வாக மூன்று யோசனை வைத்திருக்கிறார்: 36 மாதத்துக்கு ஒரு தனியார் மின் விற்பனை நிறுவனத்தோடு ஒப்பந்தம், சன்னலுக்கு வெளியே சூரியசக்திப் பலகை, இரண்டும் சரிப்படாவிட்டால் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கே குடிபோவது. நடுவில் குற்றவாளியும் அகப்பட்டாயிற்று: பிள்ளைகள் அறையில் இரவெல்லாம் ஓடும் ஏர்கான். "அது நான் கொடுத்த செல்லமாம். நாங்கள் உண்மையிலேயே ஏமாற்றப்படுகிறோமா, அல்லது நான்தான் வீட்டுச் செலவைக் கெடுக்கிறேனா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பில்லையும் ரசீதையும் படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. மின்கட்டணம் பற்றிய குடும்பச் சண்டைகளில் பெரும்பாலும் யாரும் பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டார்கள். உங்கள் கேள்வி இரண்டுக்குமே பதில் 'இல்லை'தான். ஆனால் உங்கள் கணவர் சொல்வது முழுக்கப் பிழையும் அல்ல. எங்கே சரி, எங்கே பிசகு என்று பார்த்துவிடுவோம்.

பத்து மடங்கு என்பது எப்படி வந்தது

உங்கள் 266 வெள்ளி மின்கட்டணம் அல்ல. இங்கே பில் அனுப்பும் நிறுவனமான எஸ்பியின் தாளில் நான்கு செலவுகள் ஒன்றாக வருகின்றன. உங்கள் தாளில் வரியும் சேர்த்து மின்சாரம் 168, தண்ணீர் 64, எரிவாயு 24, குப்பை அகற்றுதல் 10. நாத்தனாரின் ரசீதில் மின்சாரம் மட்டுமே. அவர் சிலிண்டருக்குத் தனியாகக் கொடுக்கிறார். தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் ஏறுவதாக இருக்கும். அப்படியானால் அவருடைய தண்ணீர்ச் செலவு ஈபி கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது.

அடுத்தது கால அளவு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 1,786 ரூபாய் இரண்டு மாதத்துக்கானது. இந்த இடத்தில் உங்கள் கணவர் தன் வாதத்தைத் தானே பலவீனமாக்கிக்கொண்டார்! ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் நாத்தனாரின் ஒரு மாதச் செலவு 14 வெள்ளிகூட இல்லை. அவர் கணக்குப்படியே போனால் பத்தல்ல, பத்தொன்பது மடங்கு என்று சொல்லியிருக்கலாம். மின்சாரத்தை மட்டும் பிரித்து 168-ஐ எடுத்தால் பன்னிரண்டு மடங்கு.

ஆனால் முக்கியமான பிசகு யூனிட்டில் இருக்கிறது. 1,786 ரூபாய் என்ற தொகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் வீடுகள் செலுத்தும் கட்டணப்படி அது 497 யூனிட். முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், அதற்கடுத்த 200-க்கு 4.70, மீதி 97-க்கு 6.30. கூட்டினால் சரியாக வரும். 497 தற்செயலாக அமைந்த எண் என்று எனக்குத் தோன்றவில்லை. 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கான 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும், அதுவும் 4.70 ஆகிவிடும். 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 8.40. அவர் இன்னும் 6 யூனிட் கூடுதலாகச் செலவழித்து 503-இல் நின்றிருந்தால் ரசீது 2,065 ரூபாய். ஆறே யூனிட்டுக்கு 279 ரூபாய். ஊரில் இதை அறியாத குடும்பத் தலைவி இல்லை. ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதி நெருங்கும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து ஏசியை நிறுத்தி வைத்தவர் உங்கள் நாத்தனார் என்று பந்தயமே கட்டுவேன். கேட்டுப் பாருங்கள். கூடவே மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு இருந்தால் இலவச நூறும் இரண்டு. குழுவில் வந்தது அவற்றில் ஒரு ரசீதாக மட்டும் இருக்கக்கூடும்.

ஆக, நாத்தனார் வீட்டில் மாதத்துக்குச் சுமார் 250 யூனிட். உங்கள் வீட்டில் 560. இங்கே நாலறை வீட்டுக் குடும்பங்கள் பொதுவாக 350-க்கும் 400-க்கும் இடையில்தான் பயன்படுத்துகின்றன. நீங்கள் அதையும் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

இதே 560 யூனிட்டைத் திருச்சியில் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இரண்டு மாதத்துக்கு 1,120 யூனிட். 500-ஐத் தாண்டியவர்களுக்கான வீதங்களில் கணக்குப் போட்டால் (600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55) 8,256 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 63 வெள்ளி. இங்கே நீங்கள் கொடுப்பது 168. வித்தியாசம் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கடைசியாகச் செலவாகும் யூனிட்டை மட்டும் எடுத்தால் அங்கே 11.55 ரூபாய், அதாவது சிங்கப்பூர்க் கணக்கில் 18 காசு. இங்கே வரியோடு சுமார் 30 காசு. இரண்டு மடங்குகூட இல்லை.

இங்கே விலை அதிகம் என்பது உண்மை. பத்து மடங்கு என்பது உண்மையில்லை.

மலிவுக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவு

நிலக்கரி விஷயத்தில் உங்கள் கணவர் தலைகீழாகச் சொல்கிறார். சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவின் நத்துனா, சுமத்திரா பகுதிகளிலிருந்தும் குழாய் வழியாக ஒரு பங்கு. கப்பலில் திரவமாக வந்து ஜூரோங் தீவு முனையத்தில் இறங்குவது இன்னொரு பங்கு. அந்த முனையம் 2013-இல் திறக்கப்பட்டது. நமக்கு ஆறும் மலையும் இல்லாததால் நீர்மின்சாரம் இல்லை. காற்றாடி சுழலும் அளவுக்குக் காற்றும் இல்லை. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் 60 மெகாவாட் மிதவைப் பலகைகள் இருக்கின்றன. லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 2022 ஜூன் முதல் 100 மெகாவாட் வரை நீர்மின்சாரம் வரத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான், ஆனால் உங்கள் பில்லை இன்று தீர்மானிப்பது எரிவாயுதான். 2035-க்குள் 6 கிகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை வெளியிலிருந்து கொண்டுவரத் திட்டமிருக்கிறது. அது பற்றி அப்போது பேசுவோம்.

தமிழ்நாட்டில் காற்றாலை நிறைய இருப்பது மெய்தான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் காற்று வைகாசி முடிந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும்தான். மீதி மாதங்களில் பாரத்தைத் தாங்குவது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் நிலையங்கள், கூடங்குளத்தில் தலா ஆயிரம் மெகாவாட் கொண்ட இரண்டு அணு உலைகள். இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படுகிறது. இங்கே 0.4 அளவில். மலிவான மின்சாரம் என்றால் தூய்மையான மின்சாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரில் மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், முழு விலை ரசீதில் இல்லை என்பதே. எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016-இல் வந்தது. அந்த யூனிட்டுக்கும் செலவு உண்டு. அரசு மானியமாகக் கொடுக்கிறது. மானியம் போதாதபோது பாரம் மின்வாரியத்தின் கடனாக ஏறுகிறது. 2017 ஜனவரியில், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் ஒன்றிய அரசின் 'உதய்' திட்டத்தில் சேர்ந்தபோது வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. இது குறை சொல்வதற்கல்ல. ஒரு குடிசை வீட்டில் மின்விசிறி ஓடவேண்டும் என்று ஒரு சமூகம் முடிவுசெய்தால் அது நியாயமான முடிவுதான். நானும் அந்த முடிவின் பக்கம்தான். ஆனால் அந்தச் செலவை நாத்தனாரின் ரசீதில் தேடினால் கிடைக்காது. இன்வெர்ட்டர் பேட்டரியும் கிடைக்காது. மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்படும் நாளும் கிடைக்காது. 2012-இல் மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்தை உங்கள் மாமியார் மறந்திருக்க மாட்டார். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். இங்கே ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் ஆண்டில் ஏற்படும் சராசரித் தடை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கான கம்பிவட, துணைநிலையச் செலவும் அந்த 30 காசுக்குள்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் அடுக்குக் கட்டணம் கிடையாது. முதல் யூனிட்டும் ஆயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. உதவி வேறு கதவு வழியாக வருகிறது: தகுதியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு யூ-சேவ் என்ற அரசாங்கக் கட்டணக் கழிவு. சிறிய வீட்டுக்கு அதிகம், பெரிய வீட்டுக்குக் குறைவு. ஜூலை மர்மத்துக்கும் இதுதான் விடை. யூ-சேவ் வரவு வைக்கப்படுவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில். ஆகஸ்டில் வராது. யாரும் விலையை ஏற்றவில்லை. எஸ்பியின் கட்டணம் காலாண்டுக்கு ஒருமுறைதான் மாறும், ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் ஒரே வீதம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் வழிமுறைப்படி அது நிர்ணயிக்கப்படுகிறது; எரிவாயு விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

கரிம வரியையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த சண்டை அதில்தான் வரும். ஒரு டன் கரியமிலவாயுவுக்கு 25 வெள்ளியாக இருந்தது, 2026 முதல் 45. யூனிட்டுக்கு 0.4 கிலோ என்றால் 45 வெள்ளி வரியின் பாரம் ஒரு யூனிட்டில் 1.8 காசு. உங்கள் 560 யூனிட்டுக்குச் சுமார் 10 வெள்ளி. முன்பிருந்த 25 வெள்ளி வரியின் பங்கு அதில் பாதிக்கு மேல் என்பதால், புதிதாகக் கூடுவது நாலைந்து வெள்ளிதான்.

36 மாத ஒப்பந்தம்

விற்பனை நிறுவனத்தை மாற்றுவது உங்கள் உரிமை. 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் சோதனை முறையில் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதற்கும் இந்தத் திறந்த சந்தை வந்துவிட்டது. மாற்றினால் கம்பி மாறாது, மீட்டர் மாறாது, யூ-சேவ் நிற்காது. நிறுவனமே மூடிப்போனாலும் விளக்கு அணையாது. உங்கள் கணக்கு எஸ்பிக்கோ வேறு நிறுவனத்துக்கோ போய்விடும்.

ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கவேண்டும். திட்டங்கள் இரண்டு வகை. ஒன்று நிலையான விலை; ஒப்பந்தக் காலம் முழுவதும் யூனிட்டுக்கு ஒரே காசு. இன்னொன்று எஸ்பியின் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு தள்ளுபடி. இரண்டாவது வகையில் எஸ்பி ஏறினால் நீங்களும் ஏறுவீர்கள்; "தள்ளுபடி" என்ற சொல்லைக் கேட்டு விலை உறுதி என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிலையான விலையும் இருபுறம் கூர்மையான கத்தி. 2020-இன் மூன்றாம் காலாண்டில் எஸ்பி கட்டணம் வரி தவிர 19.6 காசுக்கு இறங்கியது. 2022-இன் மூன்றாம் காலாண்டில் அதே கட்டணம் 30.17. உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது, நத்துனாவிலிருந்தும் தென்சுமத்திராவிலிருந்தும் குழாய் எரிவாயு வரத்து தடுமாறியது, பிறகு உக்ரேன் போர். விலை இறங்கிய வேளையில் மேல்விலைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள்; ஏறுவதற்கு முன் குறைந்த விலையில் பிடித்தவர்கள் சிரித்தார்கள், அதுவும் அவர்களுடைய நிறுவனம் தாக்குப்பிடித்தால்தான். 2021 கடைசியில் பல நிறுவனங்கள் சந்தையை விட்டே போய்விட்டன.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனம் தரவேண்டிய விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று இடங்களில் விரலை வையுங்கள். எழுதியிருக்கும் விலை வரியோடா, வரி இல்லாமலா. இடையில் விலகினால் எவ்வளவு தண்டம். காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படுமா, அப்போது என்ன விலை. கண்காட்சிக் கூடாரத்தில் பற்றுச்சீட்டையோ அரிசிப் பையையோ காட்டினால், வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். என்னைக் கேட்டால் 36 மாதம் நீளம். 12 அல்லது 24 மாதத்தில் உங்கள் பயன்பாட்டைக் குறைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். யூனிட்டுக்கு 2 காசு குறைந்தால் உங்களுக்கு மாதம் 11 வெள்ளி மிச்சம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

சன்னல் பலகையும் ஜோகூர் பாருவும்

சன்னலுக்கு வெளியே பலகை தொங்கவிடும் யோசனையை இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். பதினோராம் மாடியிலிருந்து ஒன்று கழன்று விழுந்தால் கட்டணம் பற்றிய பேச்சாக இராது, காவல்துறை வரும். கழகக் கட்டடத்தின் கூரை உங்களுடையதும் அல்ல. அங்கே 'சோலார்நோவா' திட்டத்தில் பலகைகள் பதிக்கப்படுகின்றன. அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கி, தாழ்வார விளக்கு போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகிறது.

உங்களுக்கு ஊரில் சொந்த வீடு இருந்தால், அல்லது கட்டப்போகிறீர்கள் என்றால், அது வேறு கதை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசின் 'சூர்யா கர்' திட்டத்தில் 3 கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல். இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு அது அருமையான முதலீடு. மாமியார் மட்டும் இருந்து இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அநாவசியம். 235 ரூபாய் பில்லைக் குறைக்க யாராவது கூரையில் பணத்தைக் கொட்டுவார்களா?

ஜோகூர் பாருவில் மின்சாரம் இங்கேவிட மலிவு, அதில் ஐயமில்லை. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை முதல் புதிய முறை. மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு மின்சக்தி 27.03 சென், கொள்திறன் 4.55, மின்கட்டமைப்பு 12.85, மொத்தம் 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஊக்கக் கழிவு உண்டு; எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் ஒரு சிறு திருத்தமும் வரும். வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று வைத்தால் கழிவுக்கு முன் உங்கள் 560 யூனிட் 78 வெள்ளி. கழிவையும் சேர்த்தால் மிச்சம், அதிகம் போனால், மாதம் நூறு வெள்ளிச் சொச்சம். அங்கே மின்நிலையங்களில் பெரும்பாலும் எரிவது எரிவாயுவும் நிலக்கரியும். பொந்தியான் பக்கத்துத் தஞ்சோங் பின் நிலையம் நிலக்கரிதான்.

அந்த நூறு வெள்ளிக்காகப் பிள்ளைகள் விடிவதற்கு முன் எழுந்து பாலத்தில் வரிசையில் நிற்பார்கள். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து இங்கே உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ரயில் ஓடினாலும் டிக்கெட்டும் நேரமும் இலவசமாகிவிடாது. அதைவிட முக்கியமாக, நீங்கள் சாவி வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஐந்து ஆண்டு. அதற்குள் வீட்டைக் காலிசெய்து போட்டுவிட்டுப் போவதும் முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதும் கழக விதிமீறல். அபராதத்திலிருந்து வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்வது வரை போகலாம். மின்கட்டணத்தில் நூறு வெள்ளி மிச்சம் பிடிக்க வீட்டைப் பணயம் வைக்கும் திட்டம் இது.

அந்த 560 யூனிட் யாருடையது?

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். ஹாலில் இருக்கும் ஏர்கானை ஏழு, எட்டு மணிக்குப் போட்டால் கணவர் கிரிக்கெட் பார்த்து முடிக்க நள்ளிரவு ஆகிவிடும் என்று ஒன்று. தண்ணீர்க் கொதிகலன் சுவிட்சைக் காலையில் குளித்துவிட்டு யாரும் அணைப்பதில்லை என்று இன்னொன்று. நான் தேடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு வரிகளைத்தான்.

ஒரு சின்ன அறையை அடைத்து 25 டிகிரியில் ஒன்பது மணிநேரம் ஓடும் இன்வெர்ட்டர் ஏர்கான், தோராயமாக இரவுக்கு நாலரை யூனிட். மாதம் 135 யூனிட், 40 வெள்ளி. ஹால் அப்படியல்ல. சமையலறை திறந்திருக்கும், ஆள் வந்துபோவார்கள், வெயிலில் காய்ந்த சுவர் இரவிலும் சூடு கக்கும். ஐந்து மணிநேரத்தில் ஆறு யூனிட் விழுங்கும். மாதம் 180 யூனிட், 54 வெள்ளி. செல்லம் கொடுத்தது யார் என்ற கேள்வியை நான் தொடவில்லை. பொறியாளன் கணக்கை மட்டும் வைக்கிறேன்.

கொதிகலன் சும்மா இருக்கும்போதே தொட்டியின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். அதை ஈடுகட்ட நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் போகிறது. மாதம் பத்து வெள்ளி, ஒரு சொட்டு வெந்நீரும் பயன்படுத்தாமல்! தனியார் நிறுவனம் 36 மாதக் கையெழுத்துக்குத் தரும் மிச்சத்தை அந்தச் சுவிட்சே தரும்.

இவை என் மதிப்பீடு. உங்கள் வீட்டு உண்மை உங்கள் மீட்டரில் இருக்கிறது. புதிய வகை மீட்டர் பொருத்தப்பட்டிருந்தால் எஸ்பி செயலியில் அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு போயிற்று என்று பார்க்கலாம். ஒரு வாரம் பாருங்கள். மாலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள மேடும், நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை உள்ள மேடும் தனித்தனியாகத் தெரியும். நீங்கள் பார்த்துச் சொல்லாதீர்கள்; கணவரின் கைபேசியிலேயே திறந்து அவரையே பார்க்கவிடுங்கள். குற்றம் சாட்டாமல் எண்ணைப் பார்க்க வைப்பதில் ஒரு வசதி, எண்ணோடு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கழக வீடுகளுக்குப் பருவநிலைப் பற்றுச்சீட்டு என்று மொத்தம் 400 வெள்ளி வந்திருக்கிறது: 2024-இல் 300, 2025-இல் கூடுதலாக 100. 2027 டிசம்பர் 31 வரை செல்லும். நீங்கள் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் அதில் ஹாலுக்கும் பிள்ளைகள் அறைக்கும் நேர்மின் மோட்டார் உள்ள மின்விசிறி வாங்குங்கள். ஏர்கான் வெப்பநிலையை இரண்டு டிகிரி ஏற்றிவிட்டு மின்விசிறியையும் சேர்த்துப் போட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. பழைய குளிர்ப்பெட்டியை மாற்றும் எண்ணம் இருந்தால், ஒட்டியிருக்கும் தாளில் மின்சிக்கனத்தைக் காட்டும் 'டிக்' எத்தனை என்று பார்த்து வாங்குங்கள். ஆண்டு முழுதும் இருபத்துநாலு மணிநேரமும் ஓடுவது அது.

இப்படிச் செய்தால் 560 யூனிட் 420-க்கு இறங்கும் என்பது என் கணிப்பு. மாதம் 40 வெள்ளி. அக்டோபர் பில்லில் யூ-சேவ் வந்து தொகை திடீரென்று இறங்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிலோவாட்-மணி, அதாவது யூனிட், என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் ஆகஸ்டோடு ஒப்பிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. இரவில் எல்லாரும் தூங்கியதும் மாமியார் எழுந்து வந்து மின்விசிறியை அணைத்துவிடுகிறார், நீங்கள் மறுபடி போடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மின்விசிறி இரவெல்லாம் ஓடினால் 20 காசுக்குள். அவரை அதிலிருந்து விடுவித்து, காலையில் கொதிகலன் சுவிட்சை அணைக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். 500 யூனிட் எல்லையை மீட்டர் பார்த்தே காத்துப் பழகிய ஊர்க்காரர். உங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை.